பழகிய டேப்பிர் ஏன் மறுபடி காட்டு மிருகமாகிறது?

ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற கணினி விளையாட்டை விளையாடும் சித்தப்பா மகன் ஹட்டனிலிருந்து குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தான். "அக்கா, ரெண்டு டேப்பிரைப் புடிச்சு நல்லாப் பழக்கி வச்சிருந்தேன். சாப்பாடெல்லாம் வீணாக்கிப் பழக்கினேன். இப்பப் பாத்தா ஒண்ணு மறுபடி காட்டு மிருகம்னு காட்டுது. கேம்ல ஏதும் பிழையா?"

பிழை ஒன்றுமில்லை. அவன் கேட்டது நல்ல கேள்வி. விடையை அவன் அப்பாவே ஒரு காலத்தில் கண்ணால் பார்த்தவர். அதனால் இதை அவனுக்கு மட்டும் சொல்லாமல், அந்த விளையாட்டைப் புதிதாகத் தொடங்கும் எல்லோருக்குமாக எழுதுகிறேன். விளையாடாதவர்களும் வாசிக்கலாம். ஒரு மிருகத்தைப் பழக்குவது வேறு, அதன் இனத்தையே வளர்ப்பினமாக மாற்றுவது வேறு என்பதுதான் விஷயம்.

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்பது குள்ளர்கள் மலையைக் குடைந்து கோட்டை கட்டி வாழும் கற்பனை உலகம். டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற இரண்டு சகோதரர்கள் 2002இல் உருவாக்கத் தொடங்கி, 2006 ஆகஸ்ட்டில் முதன்முதலாக வெளியிட்டார்கள். அப்போது படங்களே கிடையாது. மரம், ஆறு, ஆடு, அரக்கன் எல்லாமே திரையில் எழுத்துகளும் குறிகளும்தான். 2012இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்த முதல் 14 கணினி விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. படங்களோடு கூடிய வடிவம் 2022 டிசம்பரில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வந்தது. எழுத்து வடிவம் இன்றும் இலவசம். தம்பி விளையாடுவது அதைத்தான்.

இந்த விளையாட்டில் கோட்டையைச் சுற்றியுள்ள நிலம் எப்படிப்பட்டதோ, அதற்கேற்ற மிருகங்கள்தான் வரும். வெப்பமண்டலக் காட்டுக்குப் பக்கத்தில் குடியேறினால் டேப்பிர் வரலாம். இலங்கைக் காடுகளில் டேப்பிர் இல்லாததால் நம்மில் பலருக்கு அது எப்படி இருக்கும் என்றே தெரியாது. பன்றியின் உடம்பு, யானையின் தும்பிக்கையைப் பாதியில் நறுக்கி ஒட்டியது போன்ற மூக்கு. ஆனால் அது பன்றிக்கும் சொந்தமில்லை, யானைக்கும் சொந்தமில்லை. குதிரையும் காண்டாமிருகமும்தான் அதன் உறவுக்காரர்கள். முன்காலில் 4 விரல், பின்காலில் 3 விரல். பொதுவாக 4 இனங்களாகச் சொல்வார்கள். ஒன்று மலாயா, சுமாத்திரா, தாய்லாந்து, மியன்மார் பக்கம் வாழ்கிறது. மற்றவை மத்திய, தென் அமெரிக்காவில். மலாயா டேப்பிருக்கு முன்பக்கமும் கால்களும் கறுப்பு, நடுவுடம்பும் பின்புறமும் வெள்ளை, யாரோ முதுகில் போர்வை போர்த்திவிட்டதைப் போல. 250, 300 கிலோ வரை வளரும். குட்டி மட்டும் முற்றிலும் வேறு மாதிரி. உடம்பெல்லாம் வெள்ளைக் கோடும் புள்ளியுமாக, வத்தகப்பழத்துக்குக் கால் முளைத்தது போலிருக்கும். சில மாதங்களில் அந்தக் கோடுகள் மறைந்துவிடும்.

அந்தக் கோடுகளைப் படத்தில் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது சித்தப்பா வளர்த்த காட்டுப்பன்றிக் குட்டி. அதற்கும் அப்படித்தான் கோடு இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தம்பி டேப்பிரைப் பிடித்த முறையில் குறையொன்றும் இல்லை. இந்த விளையாட்டில் காட்டு மிருகத்தை உயிரோடு பிடிக்கக் கூண்டுப் பொறி வேண்டும். ஒரு கூண்டு, அதை மூட வைக்கும் பொறியமைப்பு, இரண்டையும் சேர்த்து மிருகம் நடக்கும் வழியில் வைக்க வேண்டும். டேப்பிர் சாதுவான மிருகமாகத்தான் விளையாட்டில் வகுக்கப்பட்டிருக்கிறது. குள்ளனைக் கண்டால் பாயாது, ஓடும். ஆகவே ஒடுக்கமான வழிகளில் பொறி வைத்தால், ஓடுகிற ஓட்டத்தில் தானே வந்து விழும். பிறகு பயிற்சிக்கென்று ஓர் இடத்தைக் குறித்து, அந்த மிருகத்துக்கு ஒரு பழக்குநரை ஒதுக்க வேண்டும். பழக்குநர் சும்மா போகமாட்டார். கையில் தீனி கொண்டுபோவார். செடி தின்னும் மிருகத்துக்குச் செடி, இறைச்சி தின்னும் மிருகத்துக்கு இறைச்சி. தம்பி "சாப்பாடு வீணாகிறது" என்றது இதைத்தான். அது வீணல்ல, பழக்கத்தின் விலை.

பழக்கப் பழக்க, மிருகத்தின் பெயரோடு வரும் அடைமொழி மாறும். காட்டு நிலையிலிருந்து அரைக்காட்டு நிலை, பிறகு பழகியது, நன்றாகப் பழகியது என்று படிப்படியாக மேலே போகும். பழக்குநரின் கைத்திறன் கூடினால் படியும் கூடும். ஆனால் ஏறியது இறங்கவும் செய்யும். பிடித்து வந்த மிருகத்தைக் கொஞ்ச காலம் கவனிக்காமல் விட்டால் ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் மறுபடி காட்டு மிருகமாகிவிடும். அதனால்தான் பழக்குநர் ஒருமுறை பழக்கிவிட்டுப் போய்விட முடியாது. திரும்பத் திரும்ப வர வேண்டும். தம்பியின் கோட்டையில் பழக்குநராக இருந்தவனுக்கு இன்னும் நாலு வேலை ஒதுக்கப்பட்டிருந்தது. டேப்பிரைப் பார்க்க அவனுக்கு நேரமில்லை. நடந்தது அவ்வளவுதான்.

இப்போது சித்தப்பாவின் பன்றிக்குட்டி. எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். தோட்டத்தில் வடிகான் வெட்டும்போது மானாப்புல்லுக்குள் தனியாகக் கிடந்ததென்று உரச்சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். ஒரு பூனையளவுதான். முதுகில் மஞ்சள் கோடு. சிரட்டையில் கஞ்சித் தண்ணி ஊற்றி வைத்தால், மூக்கு முழுக்கத் தோய்த்துக் கொண்டு குடிக்கும், அப்புறம் தும்மும். சித்தப்பா லயத்துக்குப் பின்னால் பலகை அடித்துச் சின்னதாக ஒரு பட்டி கட்டினார். கொஞ்ச நாளில் கோடெல்லாம் மறைந்து சாம்பல் நிற மயிர் முளைத்தது. அவர் காலையில் வேலைக்குப் போகும்போது, ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களம் வரைக்கும் பின்னாலேயே போகும். கங்காணி சத்தம் போட்ட பிறகுதான் சித்தப்பா அதைத் திருப்பி அனுப்புவார். அவர் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டால் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். நாங்கள் தொட்டால் படுக்காது. சகித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

அடுத்த வருசம் சித்தப்பா கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போனார். முதலில் இரண்டு கிழமை, பிறகு ஒரு மாதம். பன்றிக்குத் தீனி போட்டது அம்மாயி. வேளா வேளைக்குத் தவறாமல் போட்டார். ஆனால் உள்ளே போகவோ, தொடவோ, பேசவோ யாருமில்லை. சித்தப்பா திரும்பி வந்து பட்டிக்குள் கையை நீட்டியபோது அதன் முதுகு மயிர் குத்திட்டு நின்றது. பல்லை நறநறவென்று தேய்த்தது. அவர் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். "பழக்கம் விட்டுப்போச்சு" என்று மட்டும் சொன்னார். இரண்டு மூன்று நாள் பழையபடி உட்கார்ந்து பேசிப் பார்த்தார், கொஞ்சம் இறங்கி வந்தது. அவர் மறுபடி கொழும்புக்குப் போனார். மழை பெய்த ஒரு ராத்திரி பலகையை உடைத்துக்கொண்டு அது போய்விட்டது.

பழக்கம் என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது அந்தப் பட்டியில்தான். பழக்கம் ஒரு மிருகத்துக்கும் ஓர் ஆளுக்கும் இடையில் இருப்பது. அது அந்த மிருகத்தின் வாழ்நாளுக்குள் உண்டாகிறது, கவனிப்பு நின்றால் கரைகிறது, அதன் குட்டிக்குப் போவதில்லை. அந்தப் பன்றி காட்டில் ஈன்றிருந்தால், அந்தக் குட்டிகள் சித்தப்பாவைக் கண்டு ஓடித்தான் இருக்கும்.

அதே லயத்தில் நாலு காம்பரா தள்ளி எங்கள் மாடு நின்றது. செவலை. அது கன்றாக இருந்தபோது யாரும் உட்கார்ந்து பேசிப் பழக்கவில்லை. புதிதாக ஒருவர் கறக்கப் போனால் கொஞ்சம் காலை உதைக்கும், தண்ணீர் தெளித்து மடியைத் தடவிவிட்டால் அடங்கும். அம்மா ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தாலும் அதே மாடுதான். கயிறு அறுந்துபோன அன்றைக்கும் அது காட்டுக்குள் போகவில்லை, கீழ்த்தோட்டத்துப் புல்லை மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் தானே தொழுவத்துக்கு வந்து நின்றது. அதன் சாந்தம் எங்கள் வீட்டில் உண்டானதல்ல. பிறக்கும்போதே இரத்தத்தில் கொண்டுவந்தது.

அந்த இரத்தம் சும்மா வரவில்லை. இன்றைய மாடுகளின் மூதாதை ஓரோக்ஸ் என்ற காட்டு மாடு. ஆள் உயரத்துக்கு நின்ற, நீண்ட கொம்புள்ள மிருகம். மனிதர்கள் ஏறக்குறைய 10,000 வருசத்துக்கு முன் அதைக் கட்டி வளர்க்கத் தொடங்கினார்கள். முட்ட வந்ததை அறுத்துத் தின்றார்கள், அடங்கி நின்றதை வைத்துக் கன்று எடுத்தார்கள். நூற்றுக்கணக்கான தலைமுறைகளுக்கு இதுவே நடந்தது. காட்டில் மிஞ்சிய ஓரோக்ஸ் குறைந்துகொண்டே போய், கடைசி மாடு 1627இல் போலந்தில் செத்தது. அம்பேவலைப் பண்ணைப் பசுக்களும் எங்கள் செவலையும் அந்த அடங்கிய வரிசையின் பிள்ளைகள். இதுதான் வளர்ப்பினம். தனி மிருகத்தின் குணம் அல்ல, பரம்பரையின் குணம்.

இன்னொரு நிலையும் இருக்கிறது. அதையும் பலர் பழக்கத்தோடு குழப்புகிறார்கள். ஹோட்டன் சமவெளிக்குப் போனவர்கள் வாகனம் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே மரை வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய கொம்போடு, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். பிள்ளைகள் "பழகின மரை" என்பார்கள். அது பழகவில்லை. மனிதனைக் கண்டு ஓட வேண்டிய அவசியமில்லை என்று தெரிந்துகொண்டிருக்கிறது, பயம் தெளிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒருவர் சொல்வதையும் அது கேட்காது. யாராவது தீனி கொடுத்துப் பழக்கினால் பிளாஸ்டிக்கும் சேர்த்துத் தின்று சாகும். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

நம் நாட்டில் இந்த வேறுபாட்டுக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய சாட்சி யானை. கண்டிப் பெரஹராவில் இவ்வளவு வெளிச்சத்துக்கும் மேளத்துக்கும் நடுவே அசையாமல் நடந்துபோகும் யானையைப் பார்த்து, இது வீட்டு மிருகம் இல்லையென்று சொன்னால் யார் நம்புவார்? ஆனால் யானை எந்தக் காலத்திலும் வளர்ப்பினம் ஆகவில்லை. காட்டில் பிடித்து, ஒவ்வொன்றாகப் பாகன் பழக்கியதுதான் வழக்கம். கூட்டமாக விரட்டிப் பிடிக்கும் பெரிய யானைப் பட்டிகள் இங்கே நூற்றாண்டுக் கணக்கில் நடந்தன, கடைசியாக நடந்தது 1950இல் பனாமுறேயில். கேகாலைப் பக்கம் பின்னவலையில் 1975இல் தாயில்லா யானைக் குட்டிகளுக்காக இல்லம் தொடங்கினார்கள், 1984இல் அங்கேயே முதல் குட்டி பிறந்தது. மனிதர் நடுவில் பிறந்ததாலேயே யானை இனம் மாறிவிடாது. ஏறக்குறைய 22 மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும் மிருகத்தில், அடங்கியதைத் தேர்ந்து தேர்ந்து பல தலைமுறை எடுக்க ஒரு மனிதனின் ஆயுள் போதாது.

தலைமுறை சீக்கிரம் மாறும் மிருகத்தில் இதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. 1959இல் சோவியத் நாட்டில் திமித்ரி பெல்யாயெவ் என்ற மரபியலாளர், சைபீரியாவின் நோவோசிபீர்ஸ்க் பகுதியில், வெள்ளி நரிகளை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். லுத்மிலா த்ரூத் அதைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். ரோமத்துக்காகக் கூண்டுகளில் வளர்க்கப்பட்ட நரிகளில், கிட்டே போனால் கடிக்க வராத சாந்தமான சிலதை மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் தேர்ந்து குட்டியெடுத்தார்கள். வேண்டுமென்றே பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. நாலாம் தலைமுறையிலேயே வாலாட்டும் குட்டி வந்தது. போகப் போக, தொங்கும் காது, வெள்ளைத் திட்டு, சுருண்ட வால் என்று நாய்க்குரிய அடையாளங்களும் சிலதில் தென்பட்டன. யாரும் பழக்காமலேயே மனிதரிடம் வரும் நரிகள் அவை. சித்தப்பாவின் பன்றிக்கு நேர் எதிர்.

சரி, டேப்பிருக்கு வருவோம். நிஜ உலகில் யாரும் அதை வளர்ப்பினமாக்கவில்லை, காரணமும் யோசித்தால் தெரியும். சுமார் 13 மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டிதான் ஈனும். பன்றியோ 4 மாதத்துக்குள் ஒரு படையே ஈன்றுவிடும். டேப்பிர் தனியாகத் திரியும் மிருகம். மாடு, ஆடு போலக் கூட்டத்தில் ஒன்றைத் தலைவராக ஏற்று அதன் பின்னால் போகும் குணம் அதற்கு இல்லை. அந்தக் குணம் உள்ள மிருகத்துக்கு மனிதன் அந்தத் தலைவர் இடத்தில் நின்றுகொள்ளலாம், டேப்பிரிடம் அந்த இடமே கிடையாது. சாது என்று நம்பிவிடவும் கூடாது. 1998இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகர மிருகக்காட்சிச்சாலையில் ஒரு டேப்பிர் கடித்ததில் பராமரிப்பாளர் ஒருவர் கையையே இழந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, மலாயா டேப்பிர் இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனம். அதற்கு வேண்டியது காடுதான்.

விளையாட்டில் மட்டும் வேறு வழி திறக்கிறது. அதை வைத்திருக்கும் முறை எனக்கு மிகவும் பிடிக்கிறது. பழைய பதிப்புகளில் இப்படிப்பட்ட காட்டு மிருகங்களைப் பழக்க, டஞ்சன் மாஸ்டர் என்ற ஒரு பிரபு கோட்டைக்கு வர வேண்டும். அவர் வந்தால் பழக்கலாம், பழக்கினால் முடிந்தது. 2012இல் அதை மாற்றி, இப்போதுள்ள படிகளைக் கொண்டுவந்தார்கள். அதோடு, ஓர் இனத்தைப் பற்றிய அறிவு என்று தனியாக ஒன்றும் சேர்ந்தது. உங்கள் குள்ளர்கள் டேப்பிரைப் பற்றி முதலில் எதுவும் அறியாதவர்கள். பழக்கப் பழக்கச் சில தகவல்கள் தெரியவரும், அப்புறம் பொதுவான பரிச்சயம், அப்புறம் தேர்ச்சி. அறிவு கூடக் கூட அடுத்த டேப்பிரைப் பழக்குவது லேசாகும். நம் பெரியவர்கள் மாட்டுக்கு எந்த நோய்க்கு எந்த இலை என்று சொல்வது இதே மாதிரி சேர்ந்த அறிவுதான், ஒருவர் ஆயுளில் கிடைத்ததல்ல.

தம்பிக்கு நான் சொன்ன முக்கியமான விஷயம் இதுதான். பிடித்து வந்த பெரிய டேப்பிரை எவ்வளவு பழக்கினாலும் அது பழகிய காட்டு மிருகம்தான். எப்போதும் இறங்கக்கூடியது. ஆனால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கோட்டைக்குள் இருந்து, அங்கேயே குட்டி பிறந்து, அந்தக் குட்டியைக் குட்டிப் பருவத்திலேயே பழக்கினால், அது நிரந்தரமாக அடங்கும். திரும்பக் காட்டு நிலைக்குப் போகாது. பல ஆயிரம் வருசக் கதையை விளையாட்டு ஒரு தலைமுறைக்குள் சுருக்கிவிட்டது உண்மை. நரிச் சோதனைக்குக்கூட அதைவிட அதிகத் தலைமுறை தேவைப்பட்டது. ஆனாலும் எந்த இடத்தில் கோடு போட வேண்டுமோ அந்த இடத்தில் சரியாகப் போட்டிருக்கிறார்கள். பிடிபட்டது ஒரு பக்கம், பிறந்தது ஒரு பக்கம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் டேப்பிரிலிருந்து தொடங்குவது நல்லதென்றே நினைக்கிறேன். பழக்கம் இறங்கினாலும் ஆளைக் கொல்லப் பாயாது, ஓடத்தான் பார்க்கும். புலியைப் பிடித்து வைத்து மறந்துவிட்டால் சாப்பாட்டு மண்டபத்தில் பிணம் விழும். இறைச்சிக்கும் தோலுக்கும் எலும்புக்கும் நல்ல உடம்புள்ள மிருகம். ஆனால் கோட்டைக்குச் சோறுபோட அதை மட்டும் நம்ப வேண்டாம், அதற்கு, விளையாட்டின் தொடக்கத்தில் குள்ளர்கள் வண்டியோடு கொண்டுவரும் ஆடும் கோழியும் போதும். ஒரு பழக்குநரை மிருகங்களுக்கென்றே ஒதுக்குங்கள், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். மேயும் மிருகங்களை வளர்த்தால் புல் உள்ள இடத்தை மேய்ச்சலுக்குக் குறிக்க மறக்காதீர்கள். கூண்டும் அறையும் எவ்வளவு அழகாக இருந்தாலும், புல் இல்லாவிட்டால் அவை பட்டினியில் சாகும்.

நேற்று ராத்திரி தம்பி மறுபடி பேசினான். கோட்டையில் குட்டி பிறந்துவிட்டதாம், அன்றைக்கே பழக்குநரையும் ஒதுக்கிவிட்டான். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அது ஓர் எழுத்துதான், கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. "இதுக்கு யாரு தீனி போடுறது?" என்று கேட்டாராம். தம்பி அந்தப் பழக்குநரின் பெயரைக் காட்டியதும், "அவன எங்கயும் வேலைக்கு அனுப்பாத" என்றிருக்கிறார்.